ஸ்பாம் ஸ்கோர் யார் போட்ட மார்க்?

புதிய வாடிக்கையாளரைப் பிடிக்க நினைக்கும் எஸ்இஓ ஏஜென்சிகளுக்கு, அதாவது தளங்களைக் கூகுள் தேடலில் மேலே கொண்டுவரும் வேலையைச் செய்பவர்களுக்கு, ஸ்பாம் ஸ்கோரைவிடச் சுலபமான ஆயுதம் இன்று வேறெதுவும் இல்லை. முன்பின் தெரியாத ஒரு தொழில்காரரின் இணையதள முகவரியை இலவசக் கருவி ஒன்றில் போடுகிறார்கள். ஸ்பாம், அதாவது குப்பைத் தளம், என்று சந்தேகிக்க வைக்கும் அந்த எண் கொஞ்சம் தூக்கலாக வந்தால் போதும். அதைப் படம் பிடித்து, சிவப்புக் கட்டம் கட்டி, ‘உங்கள் தளத்துக்கு நச்சு பேக்லிங்க் ஏராளம், கூகுள் எந்த நேரமும் தேடலிலிருந்து தூக்கிவிடும்’ என்று மெயில் தட்டிவிடுகிறார்கள். பேக்லிங்க் என்பது வேறு தளங்கள் நம் தளத்துக்குக் கொடுக்கும் லிங்க். சிறு தொழில்காரர்கள் சிலருடைய தளங்களை நான் பார்த்துக்கொள்கிறேன். அதனால் அந்த மெயில் சற்று நேரத்தில் வாட்ஸ்அப் வழியாக என்னிடம் வந்து நிற்கும்.

கரூரில் ஜவுளி ஏற்றுமதி செய்யும் ஒருவர் ஒருநாள் போன் செய்தார்.

“என்னங் தம்பி, நம்ம சைட்டு 47 பர்சன்ட் ஸ்பாமுங்களாமா? கூகுள்காரன் போட்ட மார்க்குங்களா இது?”

“இல்லீங்ணா. கூகுளுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க.”

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அந்தப் பக்கம் கலர் கலராக, லோகோ போட்ட ஆங்கில பிடிஎஃப். இந்தப் பக்கம் நான் வாயால் சொல்லும் ஒரு வரி. எதை நம்புவார்?

அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஸ்பாம் ஸ்கோர், மோஸ் என்ற அமெரிக்க நிறுவனம் போடும் கணக்கு. லிங்க் விற்பவர்கள் மூச்சுக்கு மூச்சு சொல்லும் டிஏ, அதாவது தளம் தேடலில் எவ்வளவு மேலே வரும் என்று கணிக்கும் டொமைன் அதாரிட்டி எண், அதுவும் இவர்கள் சரக்குதான். 2015 மார்ச்சில் ஸ்பாம் ஸ்கோரை முதலில் வெளியிட்டபோது 17 அறிகுறிகளை வைத்து எண்ணினார்கள். 2018இல் அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, 27 அறிகுறிகளைக் கொண்டு இயந்திரக் கற்றல் முறையில் புதிதாகச் செய்தார்கள். அப்போதிருந்துதான் இந்தச் சதவீதக் கணக்கு. 30 வரை குறைவு, 31 முதல் 60 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம்.

47 என்று வந்தால், தளத்தில் கிட்டத்தட்டப் பாதி குப்பை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. உங்கள் தளத்தில் இருக்கும் அடையாளங்கள் வேறு எந்தெந்தத் தளங்களில் தெரிந்தனவோ அவற்றை மோஸ் சேர்த்துவைத்துப் பார்க்கிறது. அவற்றில் எத்தனை விழுக்காடு கூகுளிடம் அடிவாங்கியவையாக இருந்தன என்பதுதான் அந்த எண். உங்களைப் பற்றிய தீர்ப்பே அல்ல, உங்கள் சாயலில் இருப்பவர்களைப் பற்றிய கணக்கு. எண் அதிகமாக வந்தால் தளம் ஸ்பாம் என்று பொருளல்ல, இன்னும் கொஞ்சம் விசாரித்துப் பார்க்கலாம் என்றுதான் பொருள் என்று மோஸே எழுதிவைத்திருக்கிறது. அந்த வரியை யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவதில்லை.

அந்த 27 அறிகுறிகளை ஒருமுறை உட்கார்ந்து படித்தால் பாதிப் பயம் போய்விடும். தளத்தில் பக்கங்கள் குறைவாக இருக்கின்றனவா? டொமைன் பெயர், அதாவது தளத்தின் இணைய முகவரி, நீளமா? அதில் எண் இருக்கிறதா, ஹைபன் இருக்கிறதா? பிரவுசர் டேபில் வரும் குட்டிப் படம், அதாவது ஃபேவிகான், வைத்திருக்கிறீர்களா? பக்கத்தில் போன் நம்பர் உண்டா, மெயில் முகவரி உண்டா, லிங்க்ட்இன் பக்கத்துக்கு இணைப்பு உண்டா? எச்டிடிபிஎஸ் இருக்கிறதா? ஃபேஸ்புக் பிக்சல், கூகுள் டேக் மேனேஜர் என்று விளம்பரத்தையும் வருகையையும் அளக்க உதவும் கருவிகளெல்லாம் போட்டிருக்கிறீர்களா? இப்படிப் போகிறது பட்டியல். ஸ்பாம் தளம் நடத்துகிறவன் போன் நம்பர் போட மாட்டான், ஃபேவிகானுக்கு மெனக்கெட மாட்டான், விளம்பரத்தை அளந்து பார்க்கப் பிக்சல் வைக்க மாட்டான். அந்த அனுபவ அறிவை எண்ணாக்கி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஃபேவிகான் இல்லாததற்காகக் கூகுள் யாரையும் தண்டித்ததில்லை.

பட்டியலில் எனக்குப் பிடித்த ஒன்று, டொமைன் பெயரில் உயிரெழுத்தோ மெய்யெழுத்தோ அடுத்தடுத்து வரிசையாக வருகிறதா என்று பார்ப்பது. கண்டபடி எழுத்துகளைத் தட்டிப் பதிவுசெய்யும் ஸ்பாம் டொமைன்களைப் பிடிக்க அது நல்ல வழிதான். ஆனால் வாழ்த்து என்பதை ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள். நடுவில் இசட், எச், டி, எச், டி, எச் என்று ஆறு மெய்கள் கைகோத்து நிற்கும். தமிழ்ப் பெயரை ஆசையாசையாய் வைத்தவருக்கு இங்கே ஒரு குட்டு.

கரூர்க்காரரின் தளத்துக்கு வருவோம். மொத்தமே ஏழெட்டுப் பக்கம். டொமைன் பெயரில் ஹைபன். ஃபேவிகான் கிடையாது. போன் நம்பர் இருக்கிறது, ஆனால் மேலே ஓடும் பேனர் படத்துக்குள் இருக்கிறது. விசிட்டிங் கார்டு அடித்த அச்சகத்திலேயே பேனரையும் வடிவமைத்து வாங்கி அப்படியே ஏற்றிவிட்டார்கள். மனிதக் கண்ணுக்கு நம்பர் தெரியும், இயந்திரத்துக்கு அது வெறும் ஜேபெக். நம் ஊர்ச் சிறு தொழில் தளங்கள் பலவற்றின் லட்சணம் இதுதான். நம்பரை எழுத்தாகப் போட்டோம், தட்டினால் போன் போகும்படி வைத்தோம். ஃபேவிகான் வைத்தோம். துணி வகைகளுக்குத் தனித்தனிப் பக்கம் எழுதினோம். ஸ்பாம் ஸ்கோருக்காக இல்லை, வாங்க வருகிறவருக்கு இவையெல்லாம் வேண்டும் என்பதால். ஹைபனை மட்டும் தொடவில்லை. இத்தனை வருடம் பில் புத்தகத்திலும் லாரி தார்ப்பாயிலும் அச்சடித்த பெயரை ஒரு எண்ணுக்காக மாற்றுவது கிறுக்குத்தனம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த 27இல் எதுவுமே, உங்களை நோக்கி வெளியிலிருந்து வரும் லிங்குகளைப் பற்றியதில்லை. 2015இன் பழைய பட்டியலில் அப்படிச் சில இருந்தன. இப்போதைய பட்டியல் பெரும்பாலும் உங்கள் டொமைன், உங்கள் பக்கம், அங்கிருந்து நீங்கள் வெளியே கொடுக்கும் லிங்க் என்ற அளவோடு நின்றுவிடுகிறது. ஆக, ‘கெட்ட பேக்லிங்கையெல்லாம் எடுத்து ஸ்பாம் ஸ்கோரைக் குறைத்துத் தருகிறோம்’ என்று ஒருவர் காசு கேட்டால், அந்த வேலைக்கும் அந்த எண்ணுக்கும் முடிச்சே இல்லை. டிஸ்அவோ செய்கிறோம், அதாவது இந்த லிங்குகளைக் கணக்கில் எடுக்காதே என்று பட்டியல் கொடுக்கிறோம், என்பார்கள். டிஸ்அவோ கோப்பு போவது கூகுளுக்கு. மோஸ் அதைக் கண்ணால்கூடப் பார்க்காது.

அப்படியானால் ஸ்பாம் ஸ்கோர் யாருக்குத்தான் பயன்படுகிறது? லிங்க் விற்பவர்களுக்கு. டெலிகிராம் குழுக்களிலும் மெயிலிலும் ஓடும் விலைப்பட்டியல்களைப் பார்த்தால் தெரியும். தளத்தின் பெயர், டிஏ இத்தனை, ஸ்பாம் ஸ்கோர் இத்தனை, டூஃபாலோ லிங்குக்கு, அதாவது கூகுள் கணக்கில் எடுக்கும் லிங்குக்கு, இவ்வளவு டாலர், சூதாட்டம் என்றால் இரட்டிப்பு விலை. கூகுள் எதைச் செய்யாதே என்கிறதோ அந்தச் சந்தையில், சரக்கு சுத்தம் என்பதற்கு இந்த எண் முத்திரையாக ஓடுகிறது. இந்த வேடிக்கையை நான் இன்றுவரை ரசித்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, கெட்ட பேக்லிங்க் என்ற பயம் வெறும் கற்பனையா? ஒரு காலத்தில் இல்லை.

ஒரு பக்கத்துக்கு வேறு எத்தனை பக்கங்கள், எவ்வளவு மதிப்புள்ள பக்கங்கள் லிங்க் கொடுக்கின்றன என்பதை வைத்து அதன் தரத்தை அளக்கலாம் என்பதுதான் கூகுள் பிறந்த கதையே. லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் 1998 வாக்கில் வைத்த யோசனை. லிங்க் என்பது ஓட்டு என்றால், ஓட்டை விலைக்கு வாங்க ஆள் கிளம்புவதில் என்ன ஆச்சரியம்!

அந்த வியாபாரம் ஊரறிய அம்பலமானது 2011 பிப்ரவரியில். ஜே.சி. பென்னி அமெரிக்காவின் பழைய பெரிய கடைத் தொடர்களில் ஒன்று. முந்தைய பண்டிகை விற்பனைக் காலத்தில் உடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் கூகுளில் முதலில் வந்து நின்றது பென்னி. சாம்சோனைட் பெட்டியைத் தேடினால் சாம்சோனைட் கம்பெனியின் சொந்தத் தளத்துக்கும் மேலே பென்னி. இது எப்படி என்று நியூயார்க் டைம்ஸ் ஒரு நிபுணரைக் கொண்டு தோண்டியது. ‘ஈவ்னிங் டிரஸஸ்’, ‘லிட்டில் பிளாக் டிரஸ்’ மாதிரியான சொற்களில் பென்னிக்கு லிங்க் கொடுத்த 2,015 பக்கங்கள் கிடைத்தன. அவற்றில் பலவற்றுக்கும் துணிக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. சூதாட்டத் தளம், பல்கேரியாவில் வீடு விற்கும் தளம், அணுப் பொறியியல் பற்றிய தளம் என்று என்னென்னவோ. கூகுளிடம் கேட்டார்கள். புதன்கிழமை மாலை 7 மணிக்கு சாம்சோனைட் தேடலில் முதலிடத்தில் இருந்த பென்னி, இரண்டு மணி நேரத்தில் 71ஆம் இடத்துக்குப் போனது. வரவேற்பறைச் சாமான்களுக்கான தேடலில் 1இலிருந்து 68. எங்களுக்கு எதுவும் தெரியாது என்று சொன்ன பென்னி, தன் எஸ்இஓ ஆலோசகர்களை வீட்டுக்கு அனுப்பியது.

அது கூகுள் ஆட்கள் கையால் கொடுத்த அடி. 2012 ஏப்ரல் 24இல் கெட்ட லிங்கைப் பிடிக்கும் பென்குயின் என்ற கூகுள் அல்காரிதம் வந்தபோது அந்த வேலை இயந்திரத்தின் கைக்குப் போனது. ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1 சதவீதம் பாதிக்கப்படும் என்று கூகுளே அறிவித்தது. பென்குயின் அடித்தால் எழுந்திருப்பது சுலபமில்லை. கெட்ட லிங்குகளை நீக்கினாலும், அடுத்த முறை பென்குயினை ஓட்டும்வரை காத்திருக்க வேண்டும். 2014 அக்டோபரில் ஒருமுறை ஓட்டினார்கள். அதற்கடுத்த பென்குயின் வந்தது 2016 செப்டம்பரில். நடுவில் ஏறக்குறைய இரண்டு வருடம். அதற்குள் கடையை மூடியவர்கள் உண்டு. போட்டியாளன் வேண்டுமென்றே குப்பை லிங்க் அனுப்பி நம்மைக் கவிழ்த்துவிடுவானோ என்ற பீதி பரவியதும், லிங்க் துடைக்கும் தொழில் செழித்ததும் இந்தக் காலத்தில்தான்.

2016 செப்டம்பர் 23இல் அந்தக் கதை மாறியது. பென்குயின் கூகுளின் அடிப்படை அல்காரிதத்துக்குள் போய், உடனுக்குடன் வேலை செய்ய ஆரம்பித்தது. அதைவிடப் பெரிய மாற்றம், கெட்ட லிங்கைக் கண்டால் தளத்தை அடிப்பதை விட்டு, அந்த லிங்கை மதிப்பில்லாததாக ஒதுக்கத் தொடங்கியது. 2018 முதல் ஸ்பாம்பிரைன் என்ற அமைப்பு ஸ்பாமைப் பிடிக்கிறது. லிங்க் வாங்குகிறவர்களையும் விற்கிறவர்களையும் கண்டுபிடித்து அந்த லிங்குகளைச் செல்லாததாக்கும் வேலைக்கும் 2022 டிசம்பரில் அதை இறக்கினார்கள். செல்லாததாக்குவது என்றால், காசு கொடுத்து வாங்கிய உயரம் காணாமல் போகும். அதைப் பார்த்துவிட்டு ‘கூகுள் தண்டித்துவிட்டது’ என்று புலம்புகிறவர்கள் நிறைய. தண்டனை இல்லை அது, ஓசியில் வந்த உயரம் ஓசியில் போயிருக்கிறது.

இன்று யூடியூபில் கிடைக்கும் பேக்லிங்க் அறிவுரைகளில் பெரும்பகுதி 2012க்கும் 2016க்கும் இடைப்பட்ட காலத்துச் சரக்கு. தேதியை மட்டும் புதுப்பித்து விற்கிறார்கள்.

எந்தத் தளமானாலும் வைத்துக் கொஞ்ச நாளானால் குப்பை லிங்க் தானாகச் சேரும். சர்ச் கன்சோலில், அதாவது தளச் சொந்தக்காரர்களுக்குக் கூகுள் தரும் இலவசக் கருவியில், லிங்க்ஸ் பகுதியைத் திறந்தால் தெரியும். நம் படங்களைத் திருடி வால்பேப்பர் என்று போடும் தளங்கள், ‘இந்த டொமைனின் மதிப்பு இத்தனை டாலர்’ என்று தானாகப் பக்கம் உண்டாக்கும் தளங்கள், கட்டுரையை அப்படியே நகலெடுத்து இயந்திர மொழிபெயர்ப்பில் விடும் தளங்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இவற்றை ஒவ்வொன்றாகத் துரத்திக்கொண்டிருந்தால் வேறு வேலை நடக்காது. கூகுளுக்கு இவை தெரியும். நானும் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். இன்ன தொகை கொடுக்காவிட்டால் உன் தளத்துக்கு ஆயிரக்கணக்கில் ஆபாச லிங்க் அனுப்புவேன் என்று மிரட்டி வரும் மெயிலும் இந்த ரகம்தான். பதில் போடாமல் அழித்துவிடுங்கள். பதில் போட்டால் ஆள் சிக்கினான் என்று அர்த்தம்.

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம். நீங்களோ, உங்கள் பெயரில் வேறு யாரோ லிங்க் வாங்கியிருந்தால்தான் இந்த விஷயத்தில் தூக்கம் கெட வேண்டும். பிரிட்டனில் பூ விற்கும் இன்டர்ஃப்ளோரா 2013 பிப்ரவரியில் தன் சொந்தப் பெயரைத் தேடினால்கூடக் கூகுளில் கிடைக்காமல் போனது. பிராந்தியச் செய்தித்தாள்களின் தளங்களில் விளம்பரக் கட்டுரை போட்டு லிங்க் வாங்கியிருந்தார்கள். அதே வருடம் கிறிஸ்துமஸ் அன்று ரேப் ஜீனியஸ் என்ற பாடல் வரித் தளத்துக்கும் அதே கதி. எங்களுக்கு லிங்க் கொடுங்கள், உங்கள் பதிவை ட்விட்டரில் பரப்புகிறோம் என்று பேரம் பேசியது வெளியே வந்துவிட்டது. இரண்டுமே ஒன்றிரண்டு வாரத்துக்குள் திரும்பிவிட்டன. பெரிய தளமென்றால் திரும்புவதும் சீக்கிரம், என்ன செய்ய! கூகுள் 2012 ஜனவரியில் தன் குரோம் பிரவுசர் பக்கத்தையே இதே காரணத்துக்காகப் பின்னுக்குத் தள்ளியது. விளம்பரத்துக்கு அமர்த்திய ஆட்கள் காசு கொடுத்துப் பதிவு எழுத வைத்ததில், நோஃபாலோ, அதாவது கணக்கில் எடுக்காதே என்ற குறி, போடாத ஒரு லிங்க் மாட்டிக்கொண்டது.

உங்கள் தளத்துக்கு இப்படி ஏதாவது நேர்ந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எந்த ஸ்கோரும் வேண்டாம். கூகுள் ஆட்கள் கையால் கொடுத்த அடி ஏதும் இருந்தால் காட்ட, சர்ச் கன்சோலில் இடப்பக்கம் கீழே மேனுவல் ஆக்‌ஷன்ஸ் என்று ஒரு வரி இருக்கும். அதைத் தட்டினால், பச்சை டிக்கோடு ஒன்றுமில்லை என்று வரும், அல்லது என்ன குற்றம் என்று எழுதியிருக்கும். கரூர்க்காரருக்குப் பச்சை டிக். ஸ்கிரீன்ஷாட் எடுத்து நானும் அனுப்பினேன். ஸ்கிரீன்ஷாட்டுக்கு ஸ்கிரீன்ஷாட்.

ஆனால் வெளி லிங்குகளில் ஒரே ஒரு வகையைக் கண்டால் மட்டும் நான் எழுந்து உட்காருவேன். அதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

லிங்க்ஸ் பகுதியில், எந்தச் சொல்லில் லிங்க் கொடுத்திருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் இருக்கும். நான் பார்த்துக்கொள்ளும் ஒரு சிறிய பள்ளித் தளத்தில் அந்தப் பட்டியலைத் திறந்தபோது, அட்மிஷன், சீருடை, ஆண்டு விழா என்றெல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஸ்லாட் காச்சோர்’ என்று வரிசையாக நின்றது. இந்தோனேசிய மொழி. ஆன்லைன் சூதாட்டக்காரர்கள் உலகம் முழுக்க அரசு, கல்லூரித் தளங்களிலெல்லாம் புகுந்து நட்டுவைக்கும் சொல் அது. போட்டிப் பள்ளிக்காரர் யாரோ செய்த வேலை என்றார் தாளாளர். அவர் நினைப்பில் நியாயம் இருக்கலாம். எனக்கு உறைத்தது வேறு. சூதாட்டக்காரன் தன் பக்கத்துக்குத்தான் லிங்க் கொடுப்பான். பள்ளித் தளத்துக்கு ஏன் கொடுக்கிறான்? அவனுடைய பக்கம் பள்ளித் தளத்துக்குள்ளேயே இருந்தால்தான் கொடுப்பான்.

கூகுளில் சைட் என்று ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி வைத்து, பள்ளியின் டொமைனைப் போட்டுத் தேடினால், பள்ளிக்கே தெரியாத பக்கங்கள் வண்டி வண்டியாக வந்தன. பிரவுசரில் திறந்தால் ஒன்றுமில்லை, முகப்புக்குப் போகிறது. தளங்களைப் படிக்க வரும் கூகுளின் தானியங்கி நிரலுக்கு மட்டும் ஒரு முகம், நமக்கு வேறொரு முகம். சர்ச் கன்சோலின் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் போட்டுப் பார்த்தால்தான் கூகுளுக்குத் தெரிவது நமக்கும் தெரியும். ஹோஸ்டிங்கில், அதாவது தளத்தின் கோப்புகள் இருக்கும் சர்வரில், நுழைந்து தேடினால், படங்கள் மட்டுமே இருக்க வேண்டிய அப்லோட்ஸ் ஃபோல்டருக்குள் பிஎச்பி கோப்புகள், அதாவது ஓடக்கூடிய நிரல்கள். தளத்தை ஓட்டும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் கோப்புப் பெயர்ச் சாயலில், ஒரு எழுத்து மட்டும் மாறி. யார் வந்தால் எங்கே அனுப்புவது என்று சர்வருக்குச் சொல்லும் எச்டிஅக்சஸ் கோப்பில் யாரோ எழுதிய சில வரிகள். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் ஒன்றை, அதாவது தளத்தின் தோற்ற வார்ப்பை, எங்கோ இலவசமாக இறக்கிப் போட்டிருந்தார் தளத்தை முதலில் செய்தவர். பூட்டு உடைத்த தீமோடு கதவும் திறந்தே வரும்.

சர்ச் கன்சோலில் யூசர்ஸ் பக்கத்தையும் இந்த நேரத்தில் பார்த்துவிட வேண்டும். உள்ளே புகுந்தவன் ஒரு எச்டிஎம்எல் கோப்பை வைத்து, தன்னையும் தளத்தின் உரிமையாளராகக் கூகுளிடம் பதிவுசெய்துவிடுவது உண்டு. அந்தக் கோப்பை நீக்காமல் ஆளை மட்டும் நீக்கினால் திரும்ப வந்துவிடுவான்.

இந்தக் கட்டத்தில் பேக்லிங்கை டிஸ்அவோ செய்வது தும்பை விட்டு வாலைப் பிடிப்பது. கோப்புகளை எடு, தீம் வார்ப்பை மாற்று, எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்று, ப்ளகின்களை, அதாவது கூடுதல் வசதிக்குச் சேர்த்த நிரல்களை, புதுப்பி. அந்தப் போலிப் பக்கங்கள் எல்லாம் 404 அல்லது 410, அதாவது பக்கம் இல்லை, என்று பதில் சொல்ல வேண்டும், முகப்புக்குத் திருப்பிவிடக் கூடாது. பக்கமே இல்லை என்றான பிறகு, இல்லாத பக்கத்துக்கு வரும் லிங்கால் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. கூகுளின் ரிமூவல்ஸ் கருவி சுமார் ஆறு மாதத்துக்கு மறைத்துத்தான் வைக்கும், அது முதலுதவி மட்டுமே. பள்ளித் தளத்தில் பக்கங்கள் ஒவ்வொன்றாக உதிர மாதக்கணக்கானது. சூதாட்ட லிங்குகள் இன்னும் பட்டியலில் நிற்கின்றன. யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

உங்கள் தளத்திலிருந்து வெளியே போகும் லிங்குகளையும் வருடத்துக்கு ஒருமுறை பாருங்கள். பழைய பக்கத்தில் நல்ல மனதோடு கொடுத்த லிங்க், அந்த டொமைன் காலாவதியாகி வேறு ஆள் கைக்குப் போனதால் இன்று ரம்மி விளையாட்டில் போய் முடியும். வெளியே இருக்கிறவர்களைத் திருத்த முடியாது. இது நம் கையில் இருப்பது. பழைய டொமைனை விலைக்கு வாங்குகிறவர்கள் அதன் முன் ஜென்மத்தை பழைய பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம், டிஸ்அவோ. 2012 அக்டோபரில் கூகுள் அதைக் கொண்டுவந்தது, பென்குயின் அடியில் ஊரே அலறிக்கொண்டிருந்த நேரத்தில். பிங் சில மாதம் முன்பே தன்னுடையதைக் கொடுத்திருந்தது. 2023இல் பிங் அதைத் தேவையில்லை என்று எடுத்துவிட்டது. கூகுள் இன்னும் வைத்திருக்கிறது, ஆனால் சர்ச் கன்சோல் மெனுவில் தேடினால் கிடைக்காது. தனி முகவரியில் ஒதுக்குப்புறமாக இருக்கிறது. பெரும்பாலான தளங்களுக்கு இது வேண்டியதில்லை, தப்பாகக் கையாண்டால் தளத்துக்கே கேடு என்று வாசலிலேயே எழுதியும் வைத்திருக்கிறார்கள். செயற்கையான லிங்குகள் கணிசமாக இருந்து, அவற்றால் மேனுவல் ஆக்‌ஷன் வந்திருந்தால், அல்லது வரும் என்று தெரிந்தால் மட்டுமே இதற்குப் போக வேண்டும்.

எனக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது ஒரு போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்துக்கு. முன்பு பார்த்துக்கொண்ட ஏஜென்சி லிங்க் வாங்கிக் குவித்திருந்தது, மேனுவல் ஆக்‌ஷன் விழுந்துவிட்டது. பட்டியலை எக்செல்லில் இறக்கி, ஒவ்வொரு தளத்துக்கும் லிங்கை எடுக்கச் சொல்லி மெயில் போட வேண்டும். டிஸ்அவோ கோப்பை மட்டும் கொடுத்துவிட்டு மறுபரிசீலனை கேட்டால் கூகுள் ஒத்துக்கொள்ளாது. எடுக்கவைக்க முயன்றதற்கு அடையாளம் வேண்டும். எடுப்பதற்குத் தனியாகக் காசு கேட்டு பதில் போட்டவர்களும் உண்டு. போடவும் காசு, எடுக்கவும் காசு! மெயில்களைப் பதிவாக வைத்துக்கொண்டு, எடுக்க மறுத்தவற்றை மட்டும் கோப்பில் சேர்த்தோம்.

கோப்பு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு, யூடிஎஃப்-8. 2 எம்பிக்கு மேல் போகக் கூடாது, 1,00,000 வரிக்கு மேலும் கூடாது. ஒரு வரிக்கு ஒரு தளம். டொமைன் என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தளத்தின் பெயர். பக்கம் பக்கமாகக் கொடுப்பதைவிட இப்படி முழுத் தளத்தையும் கொடுப்பதே மேல், விற்கிற தளத்தில் ஒரு லிங்கோடு நிற்பதில்லை. ஹேஷ் குறியில் தொடங்கும் வரி நம் குறிப்புக்கு. சர்ச் கன்சோலில் தளத்தை டொமைன் ப்ராப்பர்ட்டியாக, அதாவது எல்லா முகவரிகளையும் ஒன்றாக்கி, சேர்த்திருந்தால் இந்தக் கருவி வேலை செய்யாது, எச்டிடிபிஎஸ் முகவரியோடு தனியாகச் சேர்க்க வேண்டும். பழைய எச்டிடிபி முகவரி இருந்தால் அதற்கும் ஒருமுறை ஏற்றிவிட வேண்டும். புதுக் கோப்பு ஏற்றினால் பழையது போய்விடும், ஒன்றோடு ஒன்று சேராது. ஏற்றிய பிறகு கூகுள் அந்தப் பக்கங்களை மறுபடி வந்து பார்க்கச் சில வாரங்கள் பிடிக்கும். லிங்க்ஸ் பட்டியலில் அவை தொடர்ந்து தெரியும், அதைப் பார்த்து வேலை செய்யவில்லை என்று பதற வேண்டாம்.

புதிதாக ஒரு தளம் என் கைக்கு வரும்போது, முன்பிருந்தவர்கள் ஏற்றிவைத்த டிஸ்அவோ கோப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். பெரும்பாலும் ஏதோ கருவி ‘நச்சு’ என்று சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கொட்டியிருப்பார்கள். அப்படி ஒரு கோப்பில், தொழில் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலும் ஒரு நாளிதழின் தளமும் சூதாட்டத் தளங்களோடு சேர்ந்து கிடந்தன. மரியாதையாக வந்த லிங்குகளை வேண்டாம் என்று நாமே எழுதிக் கொடுத்திருக்கிறோம். மேனுவல் ஆக்‌ஷன் வரலாறு இல்லாத தளமென்றால் கோப்பைப் பதிவிறக்கி ஒரு பிரதி வைத்துக்கொண்டு, முழுவதையும் ரத்து செய்துவிடுவேன். வரலாறு இருந்தால் வரி வரியாகப் படித்து, நல்லவற்றை மட்டும் எடுத்துவிட்டு மீதியை மறுபடி ஏற்றுவேன்.